கேட்டபுல்ட் இல்லாத கப்பலுக்கு எந்த எஞ்சின்?

ஐஎன்எஸ் விக்ராந்த்திலும் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவிலும் விமானத்தைப் பிடித்து இழுத்துவிடும் கேட்டபுல்ட் கிடையாது. சக்கரங்களுக்கு முன்னால் தளத்திலிருந்து எழும்பி நிற்கும் தடுப்புக் கட்டைகள்தான் விமானத்தை நிறுத்திவைக்கும். விமானி ஆஃப்டர்பர்னரை (எஞ்சினின் சூட்டு வாயுவில் மறுபடி எரிபொருள் தெளித்து எரித்துக் கூடுதல் விசை எடுக்கும் ஏற்பாடு) முழுதாகத் திறப்பார். உந்துவிசை நிலைபெற்றதும் கட்டைகள் சட்டென்று தளத்துக்குள் இறங்கும். அதன்பின் சுமார் 200 மீட்டர் ஓட்டம், முடிவில் 14 டிகிரிக்கு மேல்நோக்கி வளைந்த கப்பலின் மூக்கு. அங்கிருந்து கிளம்பும் நொடியில் விமானத்துக்கு முழுப் பறக்கும் வேகம் வந்திருக்காது. காற்றில் வளைவாக எழும்பி, மிச்ச வேகத்தை அந்த வளைவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கப்பலில் நீராவியோ மின்காந்தமோ செய்யும் வேலையை இங்கே விமானத்தின் எஞ்சினே செய்கிறது. அதனால் டிஆர்டிஓவின் விமான வடிவமைப்பு அமைப்பான ஏடிஏ வடிவமைத்துவரும் இரட்டை எஞ்சின் கடற்படைப் போர் விமானத்துக்கு (டிஇடிபிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்) எஞ்சின் தேர்வு என்பது தரைவிமானத்துக்குத் தேர்வதைப் போன்றதல்ல. ஏடிஏ வரைந்திருப்பது அமெரிக்க ஜிஇ நிறுவனத்தின் எஃப்414 எஞ்சின்கள் இரண்டை வைத்து. வேறு நான்கும் அவ்வப்போது பேச்சில் அடிபடுகின்றன: ஐரோப்பாவின் இஜே200 (டைஃபூன் விமானத்தில் இருப்பது), பிரான்ஸின் எம்88 (ரஃபேலில் இருப்பது), ரஷ்யாவின் ஆர்டி-33எம்கே, நம் காவேரி. ஏடிஏ எடுத்த முடிவு சரிதானா என்று இந்த ஐந்தையும் கப்பல் தளத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதற்கு ஒற்றை எஞ்சின் தேஜஸ் கடற்படை வடிவமே சாட்சி. எஃப்404-ஐஎன்20 எஞ்சினோடு 2012 ஏப்ரலில் முதலில் பறந்தது. 2014 டிசம்பரில் கோவாவின் ஐஎன்எஸ் ஹன்சா கடற்படை விமானத் தளத்தில், கப்பலைப் போலவே கரையில் கட்டிய மாதிரித் தளத்தின் வளைவிலிருந்து எழும்பியது. 2020 ஜனவரி 11-ல் விக்ரமாதித்யாவில் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை வால்கொக்கியால் பிடித்து இறங்கியது, மறுநாள் அங்கிருந்தே கிளம்பியது. பறக்கவும் இறங்கவும் அதற்குத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. சுமக்கத்தான் தெம்பில்லை. 85 கிலோநியூட்டன் உந்துவிசை, கனமான தரையிறங்கு கால்கள், வால்கொக்கி, அதைத் தாங்கும் வலுவூட்டல் எல்லாம் போக, ஆயுதத்துக்கும் எரிபொருளுக்கும் மிச்சம் குறைவு. 2016 டிசம்பரில் அப்போதைய தளபதி அட்மிரல் சுனில் லன்பா, கப்பலிலிருந்து இயங்க அது கனமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இரட்டை எஞ்சின் யோசனை அந்தக் குறையிலிருந்து பிறந்தது.

விளம்பரத் தாளில் உள்ள எண்

முதலில் எல்லோரும் புரட்டும் எண்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஆஃப்டர்பர்னர் இல்லாத உலர் உந்துவிசை.

எஃப்414: 98 கிலோநியூட்டன் (58), எடை சுமார் 1,110 கிலோ.
இஜே200: 90 கிலோநியூட்டன் (60), எடை சுமார் 1,000 கிலோ.
ஆர்டி-33எம்கே: 88 கிலோநியூட்டன் (53), எடை 1,100 கிலோவைச் சுற்றி.
எம்88-2: 75 கிலோநியூட்டன் (50), எடை சுமார் 900 கிலோ.
காவேரி: இலக்கு 81 (52), சோதனையில் எட்டியது சுமார் 70, எடை 1,235 கிலோ.

இந்த எண்கள் எல்லாம் கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், சோதனை மேடையில், முகப்பில் அழகான மணி வடிவக் குழாய் மாட்டி அளந்தவை. விமானத்துக்குள் போனால் கதை வேறு. காற்று வளைந்த குழாய் வழியாகப் போய் எஞ்சின் முகப்பைத் தொடுவதற்குள் அழுத்தம் கொஞ்சம் போகும். கேபினுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் காற்று பிரித்தெடுப்பதில் கொஞ்சம் போகும். ஜெனரேட்டரும் ஹைட்ராலிக் பம்பும் சுழலக் கொஞ்சம் போகும். ஏப்ரல், மே மாதத்தில் அரபிக்கடலில் 35 டிகிரி வெப்பம், கூடவே ஈரப்பதம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே போகும் காற்றின் எடை குறையும். டர்பைன் வெப்ப வரம்பு முன்கூட்டியே முட்டும்; கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைக் குறைத்துவிடும்.

எல்லாம் சேர்ந்து விளம்பர எண்ணில் 18 விழுக்காடு போவதாக வைத்துக்கொள்வோம். 26 டன் விமானம், 190 மீட்டர் ஓட்டம், கப்பல் வேகமும் காற்றும் சேர்ந்து எதிர்முகமாக 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்), உருளும் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் நொடிக்கு நொடி அரை மீட்டர் முடுக்கக் கழிவு. மேலோட்டமான கணக்குதான், ஆனால் எல்லா எஞ்சினுக்கும் ஒரே தராசு.

இரண்டு எஃப்414 தளத்தில் தருவது சுமார் 160 கிலோநியூட்டன். முடுக்கம் 5.7 மீட்டர் அளவில் வரும். வளைவின் நுனியில் தளத்தைப் பொறுத்த வேகம் நொடிக்கு 46 மீட்டர்; எதிர்க்காற்றைச் சேர்த்தால் 59. இதையே அளவுகோலாக வைத்து, எடை குறைந்தால் தேவையான வேகமும் குறையும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் போட்டால், அதே பாதுகாப்போடு எழும்பக்கூடிய எடை இப்படி வரும்: இஜே200 என்றால் சுமார் 25 டன், ஆர்டி-33எம்கே என்றால் 24.7 டன், எம்88 என்றால் 23 டன்.

எம்88 இரண்டுக்கும் சேர்த்து எஞ்சின் எடையிலேயே 400 கிலோ மிச்சமாவதால் அதன் உண்மை நட்டம் 3 டன்னுக்குப் பதில் 2.6 டன். அப்படியும் 2.6 டன் சின்ன விஷயமில்லை. ரோந்து போகிற விமானத்துக்கு அது பாதி வழி எரிபொருள்.

இன்னொன்றும் இதே கணக்கில் தெரியும். எதிர்க்காற்று 25 நாட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தால் எஃப்414 விமானமே சுமார் 1.2 டன்னை இறக்கிவைக்க வேண்டும். அதாவது, கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போனால் இழப்பதும், எஃப்414-க்குப் பதில் இஜே200 மாட்டினால் இழப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே விசையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. வேறு காரணங்கள்தான் தீர்மானிக்கும்.

விக்ராந்த்தில் குறுகிய ஓட்டப்பாதையும் உண்டு. அங்கே ஓட்டம் 140 மீட்டர் என்று வைத்துப் பார்த்தால் எஃப்414 விமானமே 23 டன்னுக்கு இறங்கிவிடும். எம்88 என்றால் 20 டன்னைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு பாதையிலும் அடுத்தடுத்து விமானங்களை அனுப்ப நினைக்கும் கடற்படைக்கு, குறுகிய பாதையிலிருந்து வெறுங்கையோடு கிளம்பும் விமானத்தால் பெரிய பயன் இல்லை.

இறங்கும்போது வேறு எஞ்சின் வேண்டும்

கிளம்புவதற்கு ஆஃப்டர்பர்னர் என்றால் இறங்குவதற்கு உலர் உந்துவிசையும், அது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதும். கப்பலில் இறங்கும் விமானி சக்கரம் தளத்தைத் தொட்ட நொடியிலேயே த்ராட்டிலை முன்னால் தள்ளுவார். கொக்கி கம்பியைப் பிடிக்காமல் போனால் திரும்ப எழும்ப வேண்டும். நின்று யோசிக்க இடமில்லை. அந்த இரண்டு மூன்று நொடிக்குள் எஞ்சின் முழு விசையைக் கொடுத்தாக வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் எம்88 கெட்டிக்காரன். சும்மா சுற்றும் நிலையிலிருந்து முழு ஆஃப்டர்பர்னருக்கு 3 நொடியில் போகும். இலகுவான சுழற்சிப் பாகங்கள், சின்னக் கரு. முடுக்குவதற்கு அங்கே எடை அதிகமில்லை. எஃப்414-ம் அமெரிக்கக் கடற்படையின் சூப்பர் ஹார்னெட்டில் பல ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் பார்த்துவருகிறது. இஜே200-இன் உலர் விசை இந்த ஐந்தில் அதிகம் என்பதைச் சொல்லியாக வேண்டும். காகிதத்தில் இறங்குதலுக்கு மிகப் பொருத்தம் அதுதான். ஆனால் அதை மாட்டிய விமானம் எதுவும் இன்றுவரை கப்பலில் கம்பி பிடித்ததில்லை. 2011-ல் டைஃபூனின் கடற்படை வடிவத்தை இந்தியாவுக்குக் காட்டினார்கள்; அது படத்தோடு நின்றது.

கப்பலில் இறங்குவது எஞ்சினை என்ன செய்யும்? தரைவிமானம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழே வந்து தொடும். கடற்படை விமானம் 7 மீட்டர்வரை தாங்க வேண்டும். மூக்கை நிமிர்த்தி மெதுவாகத் தொட அங்கே நேரமில்லை, அப்படியே இடித்து நிற்கும். அந்த இடி எஞ்சின் மவுண்ட்டுக்குப் போகும். அடுத்த நொடி கம்பி இழுப்பு. எண்ணெய்த் தொட்டியில் உள்ள எண்ணெய் முழுவதும் முன்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். பம்பின் வாய் பின்பக்கம் இருந்தால் பேரிங்குக்கு எண்ணெய் நிற்கும். இதற்கெல்லாம் மவுண்ட், குழாய், தொட்டி, ஃபேன் பிளேடு நுனிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டு, சோதித்து, சான்று வாங்க வேண்டும். எஃப்414-ம் எம்88-ம் அந்தக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டன. இஜே200 வாங்கினால் அந்தப் பில் நம் பெயருக்கு வரும்.

இரண்டு எஞ்சின் இருந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் எஃப்-14 டாம்கேட்டுக்கு முதலில் மாட்டியது எஃப்-111-இல் இருந்த டிஎஃப்30 எஞ்சின். கடும் கோணத்தில் திரும்பும்போது அதன் கம்ப்ரசர் (காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் பகுதி) திணறும். இரண்டு எஞ்சினும் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்ததால் ஒன்று திணறினால் மற்றொன்று விமானத்தைப் பக்கவாட்டில் திருகிவிடும். தட்டையாகச் சுழன்று விழும். 1984-ல் கடற்படைச் செயலர் ஜான் லேமன் அதை மோசமான பொருத்தம் என்று நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். எஃப்110 மாட்டிய வடிவம் 1980-களின் இறுதியில்தான் படைக்கு வந்தது. அதன்பின் ஆஃப்டர்பர்னர் இல்லாமலே கேட்டபுல்ட்டில் கிளம்ப முடிந்தது. டிஇடிபிஎஃப்-இல் எஞ்சின்கள் ஒட்டி இருப்பது இந்தக் கோணத்தில் நல்லது. ஆனால் ஒன்று தீப்பிடித்தால் மற்றொன்றுக்குப் பரவாமல் நடுவே நல்ல தடுப்புச் சுவர் வேண்டும். அந்த எடையும் கணக்கில் ஏறும்.

உப்பு

தரைவிமானக்காரர்கள் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். எஃப்414 முழு விசையில் நொடிக்கு 77 கிலோ காற்றை விழுங்கும். கடல்மேல் அந்தக் காற்றில் உப்புத் துகள் இருக்கும். கம்ப்ரசர் பிளேடில் அது வெள்ளைப் படலமாகப் படியும். பிளேடின் வடிவம் மாறும். விசை குறையும், திணறல் வரம்பு நெருங்கும். அது கழுவினால் போகும். போகாதது பின்னால் நடப்பது. உப்பில் உள்ள சோடியமும் எரிபொருளில் உள்ள கந்தகமும் எரியறையில் சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகும். 850 முதல் 950 டிகிரி வெப்பத்தில் அது உருகிய நிலையில் டர்பைன் பிளேடில் ஒட்டி, நிக்கல் உலோகத்தைக் காக்கும் ஆக்சைடுத் தோலைக் கரைத்துவிடும். தோல் போன இடத்தில் உலோகம் கொப்பளித்து, அடுக்கடுக்காக உரியும். அதைவிடக் குறைந்த வெப்பத்தில், 700 டிகிரியைச் சுற்றி, இன்னொரு வகை அரிப்பு உண்டு. அது பிளேடின் அடிப்பகுதியில், பார்வைக்கு எட்டாத இடத்தில் குழி குழியாகத் தோண்டும்.

தடுப்பு முறை பழையது, சலிப்பானது, தவிர்க்க முடியாதது. எஞ்சின் ஆறியபின், எரிபொருளும் தீப்பொறியும் இல்லாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்ற வேண்டும். முகப்பில் கனிமம் நீக்கிய நீரைத் தூவ வேண்டும். சற்று ஊறவிட்டு மறுபடி தூவ வேண்டும். அடியில் உள்ள வடிகால்களைத் திறந்து நீர் முழுதும் போயிற்றா என்று பார்த்தபின் எஞ்சினை ஓட்டிக் காயவைக்க வேண்டும். காய வைக்காமல் ஹேங்கருக்குள் தள்ளினால் கழுவாமல் விட்டதைவிட மோசம். உப்பு கரைந்த நீர் பிளேடு வேர்களில் தேங்கிவிடும். இதற்குக் கப்பலில் நல்ல நீர் வேண்டும், ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும், ஆள் வேண்டும்.

எஃப்414-இல் எந்த வடிவம் என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. தேஜஸ் மார்க் 2-க்காக 2010-ல் இஜே200-ஐ முந்திக்கொண்டு தேர்வானது எஃப்414-ஐஎன்எஸ்6. பெயரில் ஐஎன்எஸ் இருப்பதால் கப்பலுக்காகச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது; அது ஒற்றை எஞ்சின் விமானத்துக்கான ஏற்பாடுகளோடு வந்த தரைவடிவம். அமெரிக்கக் கடற்படையின் வடிவம் எஃப்414-400. டிஇடிபிஎஃப் ஒப்பந்தம் போடும்போது கோட்டிங், உறை, இணைப்பிகள் எல்லாம் எந்த வடிவத்தின் உப்புத் தரத்துக்கு என்று வரிக்கு வரி எழுதி வாங்க வேண்டும்.

ஆர்டி-33எம்கே: ஏற்கெனவே கப்பலில் இருக்கிறதே?

மேலோட்டமாகப் பார்த்தால் இதற்குத்தான் முதல் உரிமை. மிக்-29கே-வில் 2010 முதல் கடற்படை இதை ஓட்டுகிறது. இதே ஆர்டி-33 குடும்ப எஞ்சின்களை ஒடிசாவின் கோராபுட்டில் எச்ஏஎல் உரிமத்தோடு செய்கிறது. மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய பொருள்.

ஆனால் 2016-ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் படித்தவர்கள் இதைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். படையில் சேர்ந்ததிலிருந்து 40 எஞ்சின்கள், அதாவது 62 விழுக்காடு, வடிவமைப்புக் குறைகளால் சேவையிலிருந்து எடுக்கப்பட்டன அல்லது நிராகரிக்கப்பட்டன. ஒற்றை இருக்கை மிக்-29கே-வின் பறக்கத் தயார் நிலை 16 முதல் 38 விழுக்காட்டுக்குள்தான் இருந்தது. கப்பலில் பத்து விமானம் ஏற்றினால் நான்கைக்கூட நம்பிக் கணக்கில் எடுக்க முடியாது என்று பொருள். எல்லாக் குற்றமும் எஞ்சினுடையதல்ல. விமான உடலுக்கும் பங்குண்டு. இருந்தாலும் அதே எஞ்சினைப் புதிய விமானத்தில் 2040-கள்வரை தொடர்வதற்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு உதிரிப்பாகம் எப்போது வரும் என்பது வேறு கேள்வி.

காவேரி: யோசனை சரி, உலோகம் வரவில்லை

காவேரியைக் கேலி செய்வது சுலபம். 1989-ல் ஒப்புதல், 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது, 2010-ல் ரஷ்யாவில் இல்-76 விமானத்தின் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். ஆஃப்டர்பர்னரோடு 81 கிலோநியூட்டன் வேண்டிய இடத்தில் 70-ஐத்தான் தொட்டது. 1,100 கிலோவில் முடிய வேண்டியது 1,235 ஆனது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெங்களூரில் உள்ள டிஆர்டிஓவின் எஞ்சின் ஆய்வகமான ஜிடிஆர்இ அதை வடிவமைத்ததே வெப்பநிலை ஏறினாலும் விசை சரியாமல் நிற்கும் ஏற்பாட்டோடு. நம் நாட்டு வெயிலை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் அது. கப்பல் தளத்துக்கு மேலே போட்ட 18 விழுக்காட்டுக் கழிவில் ஒரு பங்கை அந்த யோசனை மிச்சப்படுத்தியிருக்கும். ஆனால் அப்படி நிற்க டர்பைன் தாங்கும் வெப்பத்தில் தாராளம் வேண்டும். அதற்கு ஒற்றைப் படிக பிளேடு வேண்டும், அதன் உள்ளே நுண்ணிய குளிரூட்டும் துளைகள் வேண்டும், மேலே பீங்கான் கோட்டிங் வேண்டும். தடுக்கி விழுந்த இடம் அது. இப்போது ஆஃப்டர்பர்னர் இல்லாத காவேரி ஆளில்லா விமானத்துக்காகத் தயாராகிறது. அந்த வேலை அதற்குப் பொருந்தும். 26 டன் விமானத்தைக் கப்பலிலிருந்து தூக்கச் சொன்னால் பொருந்தாது.

எம்88: கணக்கில் தோற்று, கிடங்கில் ஜெயிப்பது

2025 ஏப்ரல் 28-ல் 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தமானது: 22 ஒற்றை இருக்கை, 4 இரட்டை இருக்கை. விமானப்படை ஏற்கெனவே 36 ரஃபேல் வாங்கியிருக்கிறது. ஆக எம்88 நம் கப்பலுக்கும் கிடங்குக்கும் எப்படியும் வரப்போகிறது. புதிய விமானத்துக்கும் அதையே மாட்டினால் ஒரே உதிரிப்பாகம், ஒரே கருவிப்பெட்டி, ஒரே பயிற்சி.

எம்88-ஐ 21 மாட்யூல்களாகப் பிரித்திருக்கிறார்கள். பழுதான மாட்யூலைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் திரும்பச் சமன் பார்க்கவோ அளவு திருத்தவோ வேண்டியதில்லை. எஃப்414-இல் ஆறு பெரிய மாட்யூல்கள். பின்பக்க மேடையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் வசதி அமெரிக்கக் கப்பல்களில் இருப்பதால் அவர்களுக்கு அது தொந்தரவாகத் தெரிவதில்லை. ஹேங்கர் நெருக்கமான சின்னக் கப்பலுக்குச் சின்ன மாட்யூல் வசதி. நீளத்திலும் எம்88 3.5 மீட்டர்தான், எஃப்414 3.9 மீட்டர். ஹேங்கரில் இறக்கைகளுக்கு நடுவே தள்ளுவண்டியைத் திருப்புகிறவனுக்கு அந்த 40 சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

2022 ஜனவரியில் ரஃபேல்-எம்மும், அதே ஆண்டின் நடுவில் சூப்பர் ஹார்னெட்டும் கோவாவின் வளைவுத் தளத்திலிருந்து கிளம்பிக் காட்டின. ஆக இரண்டு எஞ்சினும் வளைவுத் தளத்துக்குப் புதியவை அல்ல. எம்88-ஐ ஒதுக்கவைப்பது ஒரே எண்: 75. ரஃபேல் சின்ன விமானம். அதற்கு அது போதும். அதே எஞ்சினை வைத்து 26 டன் விமானம் கட்டினால், ரஃபேலைவிடப் பெரிதாக இருந்தும் ரஃபேலைவிட மந்தமாக இருக்கும். அதைவிட ரஃபேலையே இன்னும் கொஞ்சம் வாங்கிவிடலாம்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது

எதையாவது மாட்டிப் பறக்கவிடுவோம், நல்லது வந்தால் மாற்றுவோம் என்ற பேச்சு அடிக்கடி வரும். பிரிட்டிஷ் கடற்படை இதைச் செய்து பார்த்தது. தங்கள் சின்னக் கப்பல்களுக்காக அமெரிக்க ஃபேன்டம் விமானத்தில் ஜே79-ஐக் கழற்றிவிட்டு ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே மாட்டினார்கள். விசை கூடியது. ஸ்பேவுக்குக் காற்று அதிகம் தேவை, முகப்பை அகலப்படுத்தினார்கள். எஞ்சின் தடிமன், பின் உடலை மாற்றினார்கள். காற்றுத் தடை கூடி, உயரத்தில் வேகம் அசல் ஃபேன்டத்தைவிடக் குறைந்தது. மூக்குச் சக்கரக் காலை நீட்டி நிமிர்த்தியதால் ஆஃப்டர்பர்னர் சுவாலை தளத்தையே நோக்கியது. ஹெச்எம்எஸ் ஈகிள் சோதனைகளில் தடித்த எஃகுத் தகட்டைத் தளத்தில் சங்கிலியால் கட்டி அந்தச் சூட்டைத் தாங்கவைத்தார்கள். விலை எகிறியது. கடைசியில் அதை முறையாக ஓட்டியது ஆர்க் ராயல் என்ற ஒரே கப்பல், 1978 வரை.

நம்மிடமே உதாரணம் உண்டு. எஃப்404-ம் எஃப்414-ம் வெளி அளவில் ஏறக்குறைய ஒன்று. எஃப்404 இருந்த குழிக்குள் எஃப்414 போய் உட்கார்ந்துவிடும். ஆனால் முதலாவது நொடிக்கு 66 கிலோ காற்று கேட்கும், இரண்டாவது 77. அதனால்தான் தேஜஸ் மார்க் 2-இல் காற்று முகப்பும் உடலும் மாறின, விமானமே நீண்டது. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே முகப்பின் அகலம், ஈர்ப்பு மையம், மவுண்ட் எல்லாமும் முடிவாகிவிடுகின்றன.

அப்படியானால் எஃப்414, நிபந்தனைகளோடு

விசை, உப்பில் ஊறிய அனுபவம், மார்க் 2-க்கும் இதுவே என்பதால் கிடைக்கும் எண்ணிக்கை: மூன்றிலும் எஃப்414 முன்னால் நிற்கிறது. விக்ராந்த்தை ஓட்டும் நான்கு எல்எம்2500 டர்பைன்களும் ஜிஇயின் வடிவமைப்புதான் என்பது சுவையான உபரி. கப்பலும் விமானமும் ஒரே வீட்டு எஞ்சினில் ஓடும். அந்த ஒற்றுமைதான் கவலையும். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வந்த தடையில் தேஜஸ் திட்டம் என்ன பாடுபட்டது என்பது பழைய கதை. புதிய கதை, 2021-ல் கேட்ட 99 எஃப்404-இல் முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. மார்க் 1ஏ விமான உடல்கள் எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தன. இதில் யாருக்கும் அரசியல் பகை இல்லை. நின்றுபோன உற்பத்தி வரிசையையும் அதன் சப்ளையர்களையும் திரும்ப எழுப்ப நேரமானது, அவ்வளவுதான்.

அதனால் 2023 ஜூனில் எச்ஏஎல் ஜிஇயோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட 80 விழுக்காட்டுத் தொழில்நுட்பப் பரிமாற்றத்தில், விழுக்காட்டைவிட எந்தப் பாகம் என்பதைப் பார்க்க வேண்டும். உறையும் குழாயும் இங்கே செய்வதில் கப்பலுக்கு ஆதாயம் குறைவு. டர்பைன் பிளேடுக்குக் கோட்டிங் போடுவதும், சூட்டுப் பகுதியைப் பிரித்துச் சீர்செய்வதும் இங்கே நடக்க வேண்டும். உப்பு தின்பது அந்தப் பாகத்தைத்தான். மாற்று எஞ்சின் கணக்கையும் தரைவிமானத்தின் விகிதத்தில் போடக் கூடாது. கடலில் மூன்று வாரம் இருக்கும் கப்பலுக்கு லாரி வராது. கம்ப்ரசரில் ஒரு திருகு போனாலே ஒரு எஞ்சின் காலி. அதற்கு மாற்று ஹேங்கரில் உறையோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த விமானம் துறைமுகம் வரும்வரை சரக்கு.

இந்த விடையை மாற்றக்கூடியது இப்போதைக்கு ஒன்றுதான். எம்88-இன் அடுத்த வடிவமாக டி-ரெக்ஸ் என்று 88 கிலோநியூட்டன் எஞ்சினை 2025-ல் அதைச் செய்யும் பிரெஞ்சு நிறுவனமான சஃப்ரான் அறிவித்தது. மேலே போட்ட அதே கணக்கில் 88 என்றால் தளத்திலிருந்து எழும்பும் எடை 24.7 டன். எடை பழைய எம்88-ஐ ஒட்டியே இருந்தால் எஃப்414-க்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு டன்னுக்குள் வந்துவிடும். கப்பல் நான்கு நாட் கூடுதலாக ஓடினால் ஈடுகட்டக்கூடிய தூரம். டிஇடிபிஎஃப்-இன் காற்று முகப்பு உலோகத்தில் வெட்டப்படுவதற்குள் அது சோதனை மேடையில் 88-ஐக் காட்டினால் கிடங்குக் கணக்கையும் சேர்த்து மறுபடி உட்கார்ந்து போடலாம். வெட்டியபிறகு காட்டினால், ஸ்பே மாட்டிய ஃபேன்டத்தின் கதைதான்.